நீ போகச் சொன்ன நூலகம்

தம்பி,

நேற்று நீ சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டபோது சாப்பாடு, மழை, அறையில் கூட இருப்பவனின் குறட்டை என்று எல்லாவற்றையும் பேசி முடித்தாய். போனை வைக்கப் போகும் நேரத்தில், ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, "ம்மா, வீட்டுலயே அடைஞ்சு கிடக்காதீங்க. அந்த டிஜிட்டல் லைப்ரரிக்கு ஒரு தடவ போய்ப் பாருங்களேன். ஃப்ரீதான். நல்ல ஏர்கோன். காலையில போனா கூட்டம் இருக்காது" என்றாய். "எனக்கு எதுக்குலா லைப்ரரி" என்று நானும் சிரித்து வைத்தேன். உன் குரலில் 'காலையில' என்ற சொல் மட்டும் கொஞ்சம் அழுந்தி விழுந்தது. இந்த அம்மாவுக்கு அது கேட்காதா? சொல்லிவிடுகிறேன் தம்பி. நான் அந்த நூலகத்தில் உறுப்பினர். நீ பினாங்கை விட்டுக் கிளம்புவதற்கு வெகு முன்பே ஆகிவிட்டேன். காலையில் அங்கே யார் உட்கார்ந்திருப்பார் என்றும் எனக்குத் தெரியும். போனில் இதைச் சொன்னால் நீ நடுவில் பேசி என்னைச் சமாதானப்படுத்தப் பார்ப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கூப்பிடு.

உன் அம்மா எதையும் சந்தேகப்படுகிறவள் என்று நீ நண்பர்களிடம் கிண்டலாகச் சொல்வது எனக்குத் தெரியும். மாக் மண்டின் ஃபேக்டரியில் நான் பார்த்த வேலையே அதுதானே. வரிசையாக வரும் பிளாஸ்டிக் பாகங்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எதில் கீறல், எதில் குமிழி என்று கண்டுபிடித்து எடுத்துப் போட வேண்டும். நல்லது என்று நம்பி எதையும் விடக் கூடாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் நான் அப்படி இல்லை. உன் அப்பா கோலாலம்பூரில் ஒரு வாரம் வேலை என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது, பஸ் குளிருக்கு இருக்கட்டும் என்று ஒரு போர்வையை மடித்து நானேதான் உள்ளே வைத்தேன். நீ அப்போது ஆரம்பப் பள்ளியில் கடைசி ஆண்டு. அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. ஈப்போவில் அவருக்கு வேறொரு வீடு இருக்கிறது என்பதை ஊரில் உள்ளவர்கள் எல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, கடைசியாகத்தான் எனக்குச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நான் பார்க்காமல் எதையும் விட்டதில்லை. போலீஸ் என்று ஒருவன் போன் செய்து, உங்கள் பேரில் கேஸ் இருக்கிறது, ஐ.சி. அடையாள அட்டை எண்ணைச் சொல்லுங்கள் என்று மிரட்டினானே, நினைவிருக்கிறதா? நீ பயந்துபோய் என் கையைப் பிடித்தாய். நான் அவனிடம், "உங்க ஸ்டேஷன் எங்க இருக்கு, சொல்லுங்க சார், நானே நேர்ல வந்து சரணடையுறேன்" என்றேன். வைத்துவிட்டான். அன்றைக்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்த அம்மாவிடம் போய், ஆறு மாதமாக 'ஓ.டி., ஓ.டி.' என்று ஓவர்டைம் கதை சொல்லி ஏமாற்றிவிடலாம் என்று உனக்கு எப்படித் தோன்றியது?

ஓ.டி. பார்த்துவிட்டு வருகிறவன் எப்படி வருவான் என்று எனக்குத் தெரியாதா? கால் வீங்கியிருக்கும், கண் சிவந்திருக்கும், வந்ததும் பசி என்பான். நீ இஸ்திரி கலையாமல் வந்தாய். சட்டையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. வாயில் காப்பி வாசம். தட்டில் போட்ட சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாய். பெண் விவகாரம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதில் எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. ஆனால் பெண் விவகாரம் என்றால் முகத்தில் ஒரு களை இருக்கும். உன் முகத்தில் இருந்தது பாரம். சீட்டாட்டமா, போனில் விளையாடும் சூதாட்டமா, வட்டிக்காரனிடம் மாட்டிக்கொண்டாயா என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பயந்தேன்.

அப்போதுதான் கீழ்மாடி சரசு அக்கா, பாசாரில் கீரையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். "ஒங்க தம்பி என்னா திடீர்னு படிக்க ஆரம்பிச்சிருச்சு? பேரப் புள்ளைங்கள டிஜிட்டல் லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போறேன்லா, எப்பப் பாத்தாலும் அங்கதான் ஒக்காந்திருக்கு."

"என் மவனா? அவன் நோட்டீஸ்கூட முழுசா படிக்க மாட்டானே."

"ஆமாங்கறேன். கண்ணாடி ரூமுக்குள்ள. யாரோ ஒரு பெரியவரோட."

பொய் சொல்லிவிட்டு ஒருவன் கள்ளுக்கடைக்குப் போவான். காசினோவுக்குப் போவான். நூலகத்துக்கு எவனாவது பொய் சொல்லிவிட்டுப் போவானா? அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகமாக இருந்தது. மறுநாள் மத்தியானமே நம் கெலுகோர் வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போனேன்.

வெளியே பார்த்தால் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா. உள்ளே போனால் எல்லாம் கண்ணாடியும் வெள்ளை விளக்கும். நூலகம் என்று பெயர்ப்பலகை இருக்கிறது, ஒரு புத்தகத்தைக் காணோம். எனக்கு அங்கேயே திக்கென்றது. முகப்பில் ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். பக்கத்தில் நம் தமிழ்ப் பெண் ஒருத்தி. "மெம்பர் ஆகுறீங்களா ஆன்ட்டி? ஐ.சி. குடுங்க" என்றாள்.

"ஐ.சி. எதுக்கு?"

"பதிவு பண்ணத்தான் ஆன்ட்டி."

"காசு?"

"காசு இல்ல. ஸ்டேட் கவர்மென்ட் லைப்ரரி, எல்லாருக்கும் ஃப்ரீ."

"ஏர்கோன் ஃப்ரீ, லைட் ஃப்ரீ, கம்ப்யூட்டர் ஃப்ரீயா? அப்ப காச எங்கேருந்து எடுக்கறீங்க?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "நம்ம வரிப் பணந்தான் ஆன்ட்டி."

"புத்தகம்லாம் எங்கம்மா?"

பெரிய போன் மாதிரி ஒரு தட்டையான பலகையை எடுத்து என் கையில் வைத்தாள். "எல்லாம் இதுக்குள்ள." நான் அதைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பார்த்தேன். பழக்கம். பிறகு ஐ.சி.யைக் கொடுத்தேன், அவள் அதை எங்கே வைக்கிறாள், எதில் பதிகிறாள் என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு ஒன்றும் கோபம் வரவில்லை. கணினி வேண்டுமானால் நேரம் பதிந்துகொள்ளலாம், கண்ணாடி அறையும் பதியலாம், காதில் மாட்டிக்கொண்டு கதை கேட்கலாம், குழந்தைகளுக்குத் தனி இடம், பின்னால் காப்பிக் கடை என்று ஒவ்வொன்றாகச் சுற்றிக் காட்டினாள். மாணவர்கள் மூலைக்கு மூலை படுத்தும் சாய்ந்தும் கிடந்தார்கள். யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அப்படி ஓர் இடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அதனாலேயே இன்னும் கொஞ்சம் சந்தேகப்பட்டேன்.

ஷிஃப்ட் முடிந்து நீ வரும்வரை காதில் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நீ வந்தாய். இரண்டு காப்பி வாங்கினாய். கண்ணாடி அறைக்குள் போனாய். உள்ளே முதுகைக் காட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த பிடரி, பெரிய காது, வெளுத்துப்போன கட்டம்போட்ட சட்டை. நீ அவர் கையைப் பிடித்துக் காப்பியின் மேல் வைத்தாய், சூடு என்று ஏதோ சொன்னாய். வட்டிக்காரனுக்கு யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று எனக்கு முதலில் நிம்மதி வந்தது. அப்புறம் அவர் சிரித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பினார்.

எனக்கு என்ன ஆனது என்று எழுதத் தெரியவில்லை. காதில் யாரோ ஒரு பெண் கதை சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளை நிறுத்த எதை அமுக்க வேண்டும் என்றுகூட மறந்துபோய்விட்டது. அப்படியே கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினேன். அன்றைக்கு மீன் பொரித்தேன். நீ வந்து, "இன்னிக்கும் ஓ.டி. ம்மா, செம்ம டயர்டு" என்றாய். நான் பெரிய துண்டாக எடுத்து உன் தட்டில் வைத்தேன். ஏன் கேட்கவில்லை என்கிறாயா? கேட்டால் நீ உண்மையைச் சொல்லியிருப்பாய். உன் வாயால் வரும் உண்மை அவருக்கு வக்காலத்தாகத்தான் இருக்கும். எனக்கு அது வேண்டாம். அவர் என்ன எதிர்பார்த்து வந்திருக்கிறார் என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். இந்த பிளாட் மேல் ஆசையா, வயதான காலத்தில் கஞ்சி ஊற்ற ஆள் தேடுகிறாரா, உன் சம்பளமா? அதற்கு நான் பகலில் போக வேண்டும். நீ வேலையில் இருக்கும் நேரத்தில்.

போனேன். அவர் காலையிலேயே வந்துவிடுகிறார். ஜன்னலோர நீள மேசையில், பிளக் செருகும் இடத்துக்குப் பக்கத்து நாற்காலி. நான் நேர் எதிரே போய் உட்கார்ந்தேன். வேண்டுமென்றேதான். பார்க்கட்டும், பதறட்டும், எழுந்து ஓடட்டும் என்று. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மரியாதையாகத் தலையை ஆட்டினார். திரும்பவும் பலகையின் மேல் குனிந்துகொண்டார். பதினாலு வருஷம் குடும்பம் நடத்தியவளை, கை நீட்டினால் தொடும் தூரத்தில், அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகுதான் கவனித்தேன். இரண்டு கண்ணிலும் பால் படர்ந்த மாதிரி வெள்ளை.

இப்படியே நாட்கள் போயின. அவர் யாருக்கும் போன் செய்யவில்லை. யாரும் அவரைத் தேடி வரவில்லை. பையிலிருந்து ரொட்டி எடுத்து வெளியே போய்த் தின்றுவிட்டு வருவார். கொஞ்சம் தூங்குவார். ஒரு நாள் பலகையை என் பக்கம் நகர்த்தி, "தங்கச்சி, கொஞ்சம் பாருங்க. எழுத்து சின்னதாப் போச்சு. எங்க அமுக்கணும்னு மவன் சொல்லிக் குடுத்தான், மறந்துட்டேன்" என்றார். குரல் தெரிந்துவிடும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு விரலை வைத்து விரித்தேன். ஒவ்வோர் எழுத்தும் உளுந்து வடை அளவுக்கு வந்தது. தமிழ்ச் செய்திதான். "ஆங், போதும் போதும்" என்று சந்தோஷப்பட்டு, ஒவ்வோர் எழுத்தாக முணுமுணுத்துப் படித்தார். அப்புறம், கேட்காமலே, "என் மவன் சாயங்காலம் வருவான். நல்ல பையன். நான் வளக்கல. அவன் அம்மா வளத்தா" என்றார். நான் எழுந்து கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழவில்லை. கோபம். அந்த வார்த்தையை எனக்குச் சொல்லியிருந்தால் வேறு. ஊர் பேர் தெரியாத ஒருத்திக்குச் சொல்கிறார்.

நீ சிங்கப்பூருக்குக் கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் நீ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. ஏதோ சொல்ல வாய் எடுத்தாய், பஸ்காரர் ஹாரன் அடித்தார், ஏறிவிட்டாய். அதற்கு அடுத்த திங்கள்கிழமை நான் நூலகத்துக்குப் போனபோது, அவர் பலகையைக்கூட எடுக்காமல் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்த சத்தம் கேட்டு, "வந்துட்டீங்களா தங்கச்சி. மவன் சிங்கப்பூருக்குப் போய்ட்டான்" என்றார்.

"தெரியும். நாந்தான் பஸ் ஏத்திவிட்டேன்."

மேசை மேல் இருந்த கையை அவர் இழுத்துக்கொண்டார், ஆனால் நீங்கள் யார் என்று கேட்கவில்லை. அது சத்தம் போடக்கூடாத இடம். எத்தனையோ வருஷமாக நான் மனதுக்குள் கத்தி வைத்திருந்ததை எல்லாம் அங்கே கிசுகிசுவென்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

"எப்பத்திலேர்ந்து தெரியும் நான்தான்னு?" என்றேன்.

"சந்தேகமாத்தான் இருந்துச்சு. எழுத்தப் பெருசாக்கின பாரு, அப்ப. வளையல் சத்தம். கேட்டா நீ எழுந்து போயிருவேன்னு கேக்கல."

"அப்ப, அம்மா வளத்த பையன்னு சொன்னது, எனக்குக் கேக்கணும்னு சொன்னதா?"

அவர், "தெரியல" என்றார்.

தம்பி, அந்த 'தெரியல' உண்மையா நடிப்பா என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை. இரண்டுமாக இருக்கலாம். நான் கேட்டேன்: எதுக்கு அவனப் புடிச்சீங்க? தான் பிடிக்கவில்லை என்றார். ஈப்போவில் அந்த அம்மா இறந்துவிட்டாள். பிள்ளைகள் அவளுடைய முதல் கல்யாணத்துப் பிள்ளைகள், அதனால் இவருக்கு அங்கே இடமில்லை. பினாங்கு வந்து ஒரு கடைக்கு மேல் அறை எடுத்திருக்கிறார். அறை பகலில் அடுப்பு மாதிரி கொதிக்குமாம். யாரோ சொல்லி நூலகத்துக்கு வந்திருக்கிறார். நீ சிங்கப்பூர் வேலைக்குக் கம்ப்யூட்டர் வழியாக நேர்முகத் தேர்வு கொடுக்க, வீட்டில் சொல்லாமல், கண்ணாடி அறை பதிந்து அங்கே வந்திருக்கிறாய். "வெளிய வந்தவன் என்னப் பாத்து நின்னுட்டான். நான் யாரோன்னு நெனச்சு, 'உள்ள ஆள் இருக்காப்பா?'ன்னு கேட்டேன். 'அப்பா'ன்னான். வராதடான்னு எத்தன தடவ சொன்னேன்" என்றார். ஆக, என்னிடம் நீ சொன்ன முதல் பொய் வேலையைப் பற்றியது. அது எனக்கு இவ்வளவு நாள் தெரியாது. நல்லது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

"கண்ணு?" என்று கேட்டேன்.

"ஜெனரல் ஆஸ்பத்திரில நாள் குடுத்திருக்காங்க. மவன் இருக்கறப்ப கெடைக்கல, இப்ப கெடைச்சிருக்கு. கூட ஒரு ஆள் வரணுமாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக. இல்லாட்டி செய்ய மாட்டாங்களாம்."

"அதுக்குத்தான் நானா?"

"நான் கேக்கல. அவன்தான், அம்மாகிட்ட சொல்றேன்னான். நான் வேணாம்னுட்டேன்."

நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்கு மறுநாள்தான் உன் போன், ஃப்ரீ, ஏர்கோன், காலையில் கூட்டம் இருக்காது. என்ன அழகான ஏற்பாடு. நான் தற்செயலாகப் போக வேண்டும், தற்செயலாக அவரைப் பார்க்க வேண்டும், மனம் இளகி நானே கேட்க வேண்டும், உன் கை சுத்தமாக இருக்க வேண்டும். உன் அப்பாவுக்குப் போர்வை மடித்து வைத்தவளிடம் இப்படி நாசூக்காக நடந்துகொள்ளலாம் என்று நினைத்தாயா? நீ அவரைப் பார்க்கப் போனதில் எனக்குக் கோபம் இல்லை. உண்மையாகவே இல்லை. காப்பி சூடு என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னாயே, அப்படிச் செய்யத் தெரிந்த பிள்ளையை நான்தான் வளர்த்தேன் என்ற திமிர்கூட உண்டு. என்னை ஒரு வெடிகுண்டு மாதிரி பக்குவமாக நகர்த்தப் பார்த்தாயே, அதுதான் வலிக்கிறது.

நீ நாளைக்குக் கல்யாணம் செய்துகொள்வாய். அவளிடமும் இப்படி நல்லெண்ணத்தோடு பொய் சொல்வாய். சொல்லாதே. நல்லெண்ணப் பொய்யைக் கண்டுபிடிக்கிறவளுக்கு அது நல்லெண்ணம் என்று தெரிவதற்குள், அவள் மனதில் வட்டிக்காரன், சூதாட்டம், வேறொருத்தி எல்லாம் குடித்தனம் நடத்திவிட்டுப் போய்விடுவார்கள். உண்மை தெரியும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன். சந்தேகப்படாதே என்று உனக்கு நான் சொல்ல மாட்டேன். அதை வைத்துத்தான் உன்னை வளர்த்தேன், வீட்டைக் காப்பாற்றினேன். ஆனால் சந்தேகம் வந்தால் எழுந்து போய்ப் பார்த்துவிடு. பஸ் பிடித்துப் போய், எதிரே உட்கார்ந்து, கண்ணால் பார். பார்த்த பிறகு வருவது சிலசமயம் சந்தேகத்தைவிட மோசமாக இருக்கும். இருந்தாலும் அது உன்னுடையதாக இருக்கும்.

இன்று காலை திரும்பவும் போனேன். அவர் அந்த நாற்காலியில் இருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்: "ஆபரேஷனுக்கு நான் வர்றேன். கட்டு பிரிக்கற நாளும் வர்றேன். நம்ம வீட்டுக்கு வர்ற கதையெல்லாம் கிடையாது. ஒங்க ரூமுக்குத்தான் கூட்டிட்டுப் போவேன். மருந்து ஊத்த கத்துக்கங்க." அவர் எழுந்து நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று தெரிந்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். அதைக் கேட்க நான் வரவில்லை. அவர் உண்மையாகவே மாறிவிட்டாரா, வயதும் கண்ணும் சேர்ந்து அவரை மாறியவர் போலக் காட்டுகின்றனவா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். பார்வை வந்தபின் தெரியும். கண் நன்றாகத் தெரிகிற மனிதர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்க வேண்டும்.

அவருக்கு நீ நேராகப் போன் செய். என்னைக் கேட்டு அவர் நலத்தைத் தெரிந்துகொள்ளாதே, அவரைக் கேட்டு என் நலத்தையும் தெரிந்துகொள்ளாதே. எங்களுக்கு நடுவில் நின்று வியர்த்தது போதும்.

கட்டைப் பிரிக்கும்போது, நர்ஸ் கண் சொட்டு மருந்து விட்டுத் துடைத்துவிட்டு, "மெல்லத் திறங்க பாக்சிக்" என்று மலாய்க்காரர் பெரியவர்களைக் கூப்பிடுவது போலச் சொல்வாள், அடுத்த வீட்டுக்காரருக்குச் செய்தபோது பார்த்திருக்கிறேன். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். நரையை மறைக்க மாட்டேன். பொட்டும் புதுப் புடவையும் கிடையாது, வீட்டில் இருக்கிற மாதிரியேதான் போவேன். இத்தனை வருஷம் என்னென்ன ஆனதோ அத்தனையும் என் முகத்தில் இருக்கிறது. அவர் நன்றாகப் பார்க்கட்டும்.

அம்மா